இம்பாலுக்கும் லெங்புய்க்கும் எவ்வளவு தூரம்?

2025 செப்டம்பர் 13 அன்று காலை பிரதமர் மோடி மிசோரத்தின் லெங்புய் விமான நிலையத்தில் வந்திறங்கினார். ஐஸ்வால் நகரின் லம்முவால் மைதானத்தில் மக்கள் காத்திருந்தனர். மழை காரணமாக அவரால் அங்கே செல்ல இயலவில்லை. பைராபி - சாய்ராங் ரயில் பாதையை விமான நிலையத்தில் இருந்தபடியே காணொலி வழியாகத் தொடங்கி வைத்துவிட்டு, மணிப்பூருக்குப் பறந்தார். இம்பாலிலும் மழைதான். அங்கிருந்து சுராசந்த்பூருக்கு ஹெலிகாப்டர் செல்ல முடியாத நிலையில், சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தைச் சாலை வழியாகக் கடந்து சென்று பேசினார். சாலையில் வந்ததால் வழிநெடுக மக்களைக் காணும் பேறு கிடைத்தது என்று அந்த மேடையிலேயே மகிழ்ச்சியும் தெரிவித்துக்கொண்டார். பிறகு மீண்டும் இம்பால். அன்று மாலையே குவஹாத்தி.

ஒரே நாளில் லெங்புய், இம்பால், சுராசந்த்பூர், மீண்டும் இம்பால். வரைபடத்தில் பார்த்தால் இது ஒன்றும் பெரிய பயணம் அல்ல. ஆனால் 2023 மே 3 முதல் அந்த நாள் வரையிலான 28 மாதங்களில், மணிப்பூரைச் சேர்ந்த ஒரு சாதாரண குகி-சோ குடிமகனோ, ஒரு சாதாரண மெய்தேய் குடிமகனோ இந்தப் பயணத்தை முழுமையாக மேற்கொண்டிருக்க முடியாது. குகி இனத்தவர் இம்பாலில் இறங்க முடியாது. மெய்தேய் இனத்தவர் சுராசந்த்பூர் சாலையில் கால் வைக்க முடியாது. பிரதமரின் வாகன வரிசை சென்ற அதே சாலையில், பள்ளத்தாக்குக்கும் மலைக்கும் நடுவே ‘பஃபர் மண்டலம்’ என்ற பெயரில் பாதுகாப்புப் படைகள் காவல் காக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள், ஒரே சாலையில் வரையப்பட்ட எல்லை அது.

இம்பால் விமான நிலையத்துக்கும் லெங்புய் விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 165 கிலோமீட்டர். விமானம் வானில் இருக்கும் நேரம் முக்கால் மணிக்கும் குறைவு. இணையத்தில் தேடுகிற எவருக்கும் இந்த இரண்டு எண்களும் நொடியில் கிடைத்துவிடும். மணிப்பூர் மக்களுக்கு இந்த எண்களால் என்ன பொருள் என்பதைத்தான் இக்கட்டுரை பார்க்க முயல்கிறது.

பறக்கும் நேரமும் பயண நேரமும்

விமானப் பயண நேரம் என்பது தூரத்தை வேகத்தால் வகுத்துக் கிடைக்கும் விடை அல்ல. குறுகிய தூரங்களில் விமானம் தரையில் நகர்வதற்கும், மேலெழுவதற்கும், இறங்குவதற்கும் ஆகும் நேரமே பெரும்பகுதி. ஓடுபாதையின் திசை, சுற்றியுள்ள மலை, மேகமூட்டம், இறங்க அனுமதி கிடைக்கும் வரை காத்திருப்பு அனைத்தும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. 2021 ஜூலையில் ‘உடான்’ திட்டத்தின்கீழ் இம்பால் - ஷில்லாங் நேரடி விமானச் சேவை தொடங்கப்பட்டபோது ஒன்றிய அரசு வெளியிட்ட செய்திக்குறிப்பில், இம்பாலிலிருந்து ஷில்லாங்குக்கு 60 நிமிடம், ஷில்லாங்கிலிருந்து இம்பாலுக்கு 75 நிமிடம் என்று கூறப்பட்டிருந்தது. ஒரே தூரம்தான், இரண்டு நேரங்கள். சாலையில் 12 மணி நேரம் ஆகும் பயணத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கிவிட்டோம் என்பதே அக்குறிப்பின் சாரம். அந்தப் பன்னிரண்டு மணி நேரச் சாலையை யார் சரிசெய்வது, எப்போது சரிசெய்வது என்பது பற்றி அதில் எதுவும் இல்லை.

விமான நிலையத்திலிருந்து வீடு வரை ஆகும் நேரமும் கணக்கில் சேர வேண்டும். லெங்புய் விமான நிலையம் மிசோரம் மாநில அரசே கட்டியது. 1998 டிசம்பரில் திறக்கப்பட்டது. மலையுச்சியைச் செதுக்கி அமைத்த மேசைத்தள ஓடுபாதை. அங்கிருந்து ஐஸ்வால் நகருக்கு முப்பது கிலோமீட்டருக்கும் மேல் மலைச்சாலை. வானில் கழிந்த நேரத்தைவிட அந்த முப்பது கிலோமீட்டரில் கழியும் நேரம் அதிகம்.

இப்போது சுராசந்த்பூரிலிருந்து பார்ப்போம். அந்நகரிலிருந்து இம்பால் விமான நிலையம் சுமார் 55 கிலோமீட்டர். சமதளச் சாலை. 2023 மே மாதத்துக்கு முன்பு, காலையில் புறப்பட்டு தில்லிக்கோ கொல்கத்தாவுக்கோ பகல் விமானத்தைப் பிடித்துவிடலாம். பெருநகரங்களில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான குகி-சோ இளைஞர்கள் இந்த வழியில்தான் போய்வந்தார்கள். இப்போது அவர்களுக்கு எட்டக்கூடிய விமான நிலையம் லெங்புய். முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மலைப்பாதை, அடுத்த மாநிலம், ஒரு முழுநாள் பயணம். மழைக்காலத்தில் மண் சரிந்தால் எப்போது போய்ச் சேர்வோம் என்று ஓட்டுநருக்கே தெரியாது. காங்போக்பியில் வாழ்பவருக்கு இம்பால் 45 கிலோமீட்டர். ஆனால் அவர் செல்லக்கூடிய விமான நிலையம், வடக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தள்ளி நாகாலாந்தின் திமாப்பூரில் இருக்கிறது.

வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்கள் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாம். நோயாளிகள் என்ன செய்வார்கள்? மணிப்பூரின் பெரிய மருத்துவமனைகளான ரிம்ஸ், ஜெனிம்ஸ் இரண்டும் இம்பாலில் உள்ளன. சுராசந்த்பூரின் மருத்துவக் கல்லூரி 2023 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. நான்கே மாதத்தில் கலவரம் வெடித்தது. இதயத்துக்கோ புற்றுநோய்க்கோ உயர்சிகிச்சை வேண்டுமானால், ஒன்றரை மணி நேரத்தில் சென்றடையக்கூடிய மருத்துவமனையை விட்டுவிட்டு ஐஸ்வாலுக்கோ, அங்கிருந்து விமானம் ஏறி குவஹாத்திக்கோ போக வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இம்பால் பள்ளத்தாக்கின் மெய்தேய் மக்களுக்கு வெளியுலகுடன் உள்ள தரைவழித் தொடர்புகள் முக்கியமாக இரண்டு: காங்போக்பி வழியே திமாப்பூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 2, ஜிரிபாம் வழியே சில்சார் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 37. இரண்டும் மலைகளைக் கடந்தே செல்கின்றன. மெய்தேய் குடும்பம் ஒன்று பேருந்தில் ஏறி திமாப்பூருக்குப் போய் ரயிலைப் பிடிப்பது என்பது 2023 மே மாதத்தோடு நின்றுபோனது. அவர்களுக்கு விமானம் மட்டுமே வழி. ஆக, ஒரு தரப்புக்கு விமான நிலையத்துக்குச் செல்லும் சாலை இல்லை. மறுதரப்புக்கு விமான நிலையத்தைத் தவிர வேறு சாலை இல்லை. இரு தரப்பிலும் கையில் காசு உள்ளவர் எப்படியோ போய்வருகிறார். காசு இல்லாதவர் நிவாரண முகாமில் இருக்கிறார். 260க்கும் மேற்பட்டோரைக் கொன்று, சுமார் 60,000 பேரை வீடுகளிலிருந்து துரத்திய இந்த மோதலில், முகாமிலிருந்து விமான நிலையத்துக்குச் செல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மியான்மர் எல்லையில் உள்ள மோரே நகரத்தை நம்மில் பலர் அறிவர். 1960களில் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியினர் திரும்பிச் செல்லும் ஆசையோடு அங்கே வந்து, எல்லையைக் கடக்க முடியாமல் அங்கேயே தங்கிவிட்டனர். இன்றும் சில தமிழ்க் குடும்பங்களும் ஒரு தமிழ்ச் சங்கமும் அங்கே உள்ளன. இம்பாலிலிருந்து மோரே 110 கிலோமீட்டர். எந்தத் தரப்பையும் சேராத அந்த மக்களின் கடைவீதியும் இந்தத் தீயில் கருகியது. ‘கிழக்கை நோக்கிய செயல்பாடு’ என்று ஒன்றிய அரசு பேசும் கொள்கையின் தலைவாயில் அந்த ஊர்தான் என்பதை இங்கே நினைவுபடுத்தாமல் இருக்க இயலவில்லை.

பறந்தவர்கள்

2023 டிசம்பர் 14 அன்று இம்பாலிலிருந்து மலை மாவட்டங்களுக்கு விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் பறந்தன. பயணிகள் அனைவரும் இறந்தவர்கள். ஏழு மாதங்களாக இம்பால் மருத்துவமனைகளின் பிணவறைகளில் கிடந்த குகி-சோ இனத்தவரின் 60 உடல்களில், 41 உடல்கள் சுராசந்த்பூருக்கும் 19 உடல்கள் காங்போக்பிக்கும் எடுத்துச் செல்லப்பட்டன. சுராசந்த்பூரின் பிணவறையில் இருந்த நான்கு மெய்தேய் உடல்கள் இம்பாலுக்குக் கொண்டுவரப்பட்டன. இதுவும் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இறந்தவர்களைக் கண்ணியமாக அடக்கம் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகே நடந்தது. ஒன்றரை மணி நேரச் சாலைப் பயணத்தில் பெற்ற பிள்ளையின் உடலைப் பெற்றுக்கொள்ளத் தாய் போக முடியவில்லை. உடல் தாயிடம் வர ஏழு மாதம் ஆயிற்று.

உயிருள்ளவர்களுக்கான ஹெலிகாப்டர் சேவை பற்றிய அறிவிப்புகளும் வந்தன. 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் பிரேன் சிங் பதவி விலகி, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்த பின்னர், மார்ச் 8 முதல் மாநிலம் முழுவதும் அனைவரும் தடையின்றிச் செல்லலாம் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா ஆணையிட்டார். அன்று இம்பாலிலிருந்து காங்போக்பி வழியாகச் சேனாபதிக்குப் புறப்பட்ட அரசுப் பேருந்து தாக்கப்பட்டது. பாதுகாப்புப் படையினருக்கும் போராட்டக்காரர்களுக்கும் நடந்த மோதலில் ஒருவர் உயிரிழந்தார். பேருந்து ஓடவில்லை. அதே வாரத்தில், மலை மாவட்டங்களுக்கு ஹெலிகாப்டர் சேவை தொடங்குவதாக அறிவிக்கப்பட்டது. சாலையைத் திறக்க முடியவில்லை, ஆகவே வானத்தைத் திறக்கிறோம். இதுதான் அந்த அறிவிப்பின் உண்மையான பொருள்.

இதை ஒரு நிவாரண நடவடிக்கை என்று ஏற்பதில் நமக்குத் தயக்கம் இல்லை. அவசர நோயாளி ஒருவருக்கு அது உயிர் காக்கும். ஆனால் சில இருக்கைகள் கொண்ட ஹெலிகாப்டரால் சுராசந்த்பூர் மலைகளில் விளையும் இஞ்சியையும் காய்கறிகளையும் இம்பாலின் இமா கெய்தேல் அங்காடிக்குக் கொண்டுசேர்க்க முடியாது. பெண்கள் மட்டுமே கடை நடத்தும் அந்தப் பழம்பெரும் சந்தைக்கும் மலைகளுக்கும் இடையிலான வணிகம் பல தலைமுறைகளாக இரு மக்களையும் பிணைத்திருந்தது. மலை விவசாயியின் வருமானமும் பள்ளத்தாக்கு வியாபாரியின் முதலும் ஒருசேர அறுந்தன. எரிவாயு உருளைக்கும் பெட்ரோலுக்கும் கள்ளச்சந்தைக்காரர்கள் விலை வைத்தார்கள்.

2025 செப்டம்பரில், பிரதமரின் வருகைக்குச் சில நாள்கள் முன்னதாக, தேசிய நெடுஞ்சாலை 2ஐத் திறக்க குகி-சோ கவுன்சில் ஒப்புக்கொண்டதாக உள்துறை அமைச்சகம் அறிவித்தது. மெய்தேய் மக்கள் தங்கள் பகுதி வழியே தடையின்றிச் செல்வதற்கான ஒப்புதல் அல்ல அது என்று கவுன்சில் விளக்கம் அளித்தது. அச்சத்தைப் போக்கும் அரசியல் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆணையால் சாலை திறக்காது என்பதை தில்லி இரண்டாம் முறையாகக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

ஹவாய் செருப்பும் தணிக்கை அறிக்கையும்

வடகிழக்குக்கு விமானப் போக்குவரத்தே தேவையில்லை என்று இங்கே எவரும் வாதிடவில்லை. மலைகளும் ஆறுகளும் நிறைந்த அந்தப் பகுதியில் விமானம் ஆடம்பரம் அல்ல, அத்தியாவசியம். இம்பாலுக்கு இன்னும் ரயில் வரவில்லை. நாகா, குகி அமைப்புகளின் பொருளாதார முற்றுகைகளால் 2011ல் நூறு நாள்களுக்கும் மேலாகவும், 2016-17ல் நான்கு மாதங்களுக்கும் மேலாகவும் அந்த நெடுஞ்சாலைகள் அடைபட்டுக் கிடந்தன. எனவே விமானச் சேவையை யார் நடத்துவது, யாருக்காக நடத்துவது, என்ன கட்டணத்தில் நடத்துவது என்பவை மணிப்பூரில் வாழ்வாதாரக் கேள்விகள்.

மோடி அரசின் விடை, 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட உடான் திட்டம். ஹவாய் செருப்பு அணிந்தவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்பது அதன் விளம்பர வாசகம். சுமார் 500 கிலோமீட்டர் அல்லது ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று, ஒவ்வொரு விமானத்திலும் ஒரு பகுதி இருக்கைகளுக்கு மட்டும் உச்சவரம்பு. தனியார் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பை மூன்றாண்டுகளுக்கு அரசு ஈடுகட்டும். அதன் பிறகு சந்தை பார்த்துக்கொள்ளும். இப்படித்தான் திட்டம் வகுக்கப்பட்டது.

சந்தை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை பதிவு செய்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அந்த அறிக்கையின்படி, திட்டத்தின் மூன்றாம் சுற்று வரை ஒதுக்கப்பட்ட வழித்தடங்கள் 774. அவற்றில் 403 வழித்தடங்களில் ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. பறக்கத் தொடங்கிய 371ல், மூன்றாண்டு சலுகைக் காலத்தை நிறைவு செய்தவை 112 மட்டுமே. சலுகைக் காலம் முடிந்த பின்னும் தொடர்ந்தவை, 2023 மார்ச் நிலவரப்படி, 54. அதாவது நூற்றுக்கு ஏழு. மானியம் நின்றதும் விமானமும் நின்றது. லாபம் வந்தால் தனியாருக்கு, நட்டம் வந்தால் அரசுக்கு என்ற நவதாராளமயச் சூத்திரத்தில் மூன்றாவதாக ஒரு பிரிவும் உண்டு: இரண்டும் இல்லையென்றால் சேவையே கிடையாது.

அரசுக்குச் சொந்தமான ஏர் இந்தியாவை 2022 ஜனவரியில் டாட்டாவிடம் ஒப்படைத்த பின், பொதுத்துறையில் எஞ்சியிருப்பது அல்லையன்ஸ் ஏர் என்ற சிறு நிறுவனம் மட்டுமே. போதிய விமானங்கள் இல்லாமல், போதிய முதலீடு இல்லாமல் அது இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் 2024 டிசம்பரில் மணிப்பூர் அரசு இம்பாலிலிருந்து குவஹாத்தி, கொல்கத்தா, திமாப்பூர் ஆகிய நகரங்களுக்குப் பயணச்சீட்டு 5,000 ரூபாயைத் தாண்டாமல் விமானச் சேவை வழங்க முடிவு செய்தபோது, அந்த வேலைக்குக் கிடைத்தது இந்த அல்லையன்ஸ் ஏர்தான். சந்தையின் பெரும் பங்கைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்கள் ஒன்றுகூட இதற்கு முன்வந்ததாகத் தெரியவில்லை. பொதுத்துறையை விற்பதற்கு வாதம் செய்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

கட்டணத்தைக் கட்டுப்படுத்த முடியாதா?

1994ல் விமானப் போக்குவரத்தில் அரசின் தனியுரிமை சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதன் பின் கட்டணத்தை நிர்ணயிப்பது நிறுவனங்களின் உரிமை, அரசு தலையிடாது என்ற பதிலை நாடாளுமன்றத்தில் எத்தனையோ முறை கேட்டுவிட்டோம். 2023 மே மாதத்தில் இம்பாலிலிருந்து மாணவர்களும் தொழிலாளர்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறத் துடித்தபோது, கொல்கத்தாவுக்கான கட்டணம் வழக்கத்தைப்போலப் பல மடங்கு உயர்ந்தது. பல மாநில அரசுகள் தங்கள் மாணவர்களை மீட்கத் தனி விமானங்களை அனுப்ப நேர்ந்தது. யாரும் அனுப்பாத குடும்பங்கள் கடன் வாங்கிப் பறந்தன. கட்டண உச்சவரம்பு ஆணை எதுவும் தில்லியிலிருந்து வரவில்லை.

அரசால் முடியாது என்பது உண்மையா? கொரோனா ஊரடங்குக்குப் பின் 2020 மே 25 அன்று உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறந்தபோது, ஒன்றிய அரசு பயண நேரத்தின் அடிப்படையில் ஏழு பிரிவுகளை வகுத்தது. 40 நிமிடத்துக்கும் குறைவான பயணத்துக்கு 2,000 முதல் 6,000 ரூபாய், 40 முதல் 60 நிமிடம் வரை 2,500 முதல் 7,500 ரூபாய் என்று ஒவ்வொன்றுக்கும் கீழ்வரம்பும் மேல்வரம்பும் விதித்தது. 2022 ஆகஸ்ட் 31 வரை ஏதோவொரு வடிவில் அது நீடித்தது. கீழ்வரம்பு நிறுவனங்களின் லாபத்தைக் காப்பாற்றியது என்பதையும் மறக்க வேண்டியதில்லை. ஆனாலும், நிமிடக் கணக்கில் கட்டணத்தை வரையறுக்கும் அதிகாரமும் இயந்திரமும் அரசிடம் உண்டு என்பது அன்றே நிறுவப்பட்டது.

2025 டிசம்பரில் இரண்டாம் முறையும் நிறுவப்பட்டது. விமானிகளின் ஓய்வு நேரம் குறித்த புதிய விதிகளுக்கு ஏற்பப் போதிய ஆட்களை நியமிக்காமல் இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபோது, பெருநகர விமான நிலையங்களில் பயணிகள் குவிந்தனர், தொலைக்காட்சிகள் அலறின. டிசம்பர் 6 அன்று ஒன்றிய அரசு தூரத்தின் அடிப்படையில் உச்சவரம்பு விதித்தது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 500 முதல் 1,000 கிலோமீட்டர் வரை 12,000 ரூபாய் என்று. உள்நாட்டுச் சந்தையில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் ஒரே நிறுவனத்திடம் இருந்ததன் விளைவு அந்தக் குழப்பம் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது இதுதான். தில்லியிலும் மும்பையிலும் பயணிகள் சில நாள்கள் தவித்ததும் பிறந்த ஆணை, இம்பாலில் மக்கள் மாதக்கணக்கில் தவித்தபோது பிறக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஹவாய் செருப்பு அணிந்தவருக்கு 500 கிலோமீட்டருக்கு 2,500 என்று 2016ல் சொன்ன அரசு, அதே 500 கிலோமீட்டருக்கு 7,500 வரை வாங்கலாம் என்று 2025ல் ஆணையிட்டதையே மக்களுக்குச் செய்த உதவியாகக் காட்டிக்கொண்டது. இம்பாலிலிருந்து குவஹாத்தி நேர்கோட்டில் 280 கிலோமீட்டருக்குள்; திமாப்பூர் சுமார் 125 கிலோமீட்டர். இவ்வளவு குறுகிய தூரத்துக்கு 7,500 ரூபாய் என்பது நிவாரண முகாமில் வாழும் ஒரு குடும்பத்தின் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

ரயிலும் அதைக் கட்டியவர்களும்

அன்று லெங்புய் விமான நிலையத்திலிருந்து தொடங்கி வைக்கப்பட்ட பைராபி - சாய்ராங் பாதையின் நீளம் 51 கிலோமீட்டர். செலவு 8,000 கோடி ரூபாய்க்கும் மேல். சுரங்கங்களும் உயரமான பாலங்களும் நிறைந்த அரிய பொறியியல் சாதனை, அதில் ஐயமில்லை. ஐஸ்வால் மக்களுக்கு முதன்முறையாக ரயில் கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. விமானத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க இயலாத மிசோ மாணவரும், சுராசந்த்பூரிலிருந்து மலைப்பாதையில் வந்துசேரும் குகி தொழிலாளியும் இனி சாய்ராங்கில் ரயில் ஏறலாம். இந்தப் பாதையின் குருங் ஆற்றுப் பாலம் 2023 ஆகஸ்ட் 23 அன்று கட்டுமானத்தின்போது இடிந்து விழுந்ததில் இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். அவர்கள் மேற்கு வங்கத்தின் மால்டா மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்து வந்தவர்கள்.

மணிப்பூரின் ஜிரிபாம் - இம்பால் பாதை 111 கிலோமீட்டர். இருபது ஆண்டுகளைத் தாண்டியும் முடியவில்லை. 2022 ஜூன் 29-30 இரவு நோனே மாவட்டத்தின் துபுலில், இப்பாதையின் கட்டுமான முகாம் மீது மலை சரிந்து, காவலுக்கு இருந்த பிராந்திய ராணுவ வீரர்களும் தொழிலாளர்களும் கிராம மக்களும் புதையுண்டனர். அந்த மாநிலத்துக்கு ரயில் எப்போது வரும் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய ஆண்டு சொல்லப்படுகிறது. ரயில் வந்தால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. அந்தப் பாதையும் மலைகளின் வழியேதான் வரப்போகிறது. மலைகளில் வாழும் மக்களும் பள்ளத்தாக்கில் வாழும் மக்களும் ஒரே பெட்டியில் உட்கார முடியாத நிலையில், தண்டவாளம் யாரை எங்கே கொண்டுசேர்க்கும்?

இந்த நிலை தானாக வந்ததல்ல. மெய்தேய் மக்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்ப்பது குறித்த உயர் நீதிமன்ற உத்தரவு, மலைப்பகுதிகளில் வனநிலத்தின் பேரால் நடந்த வெளியேற்றங்கள், ஒரு மக்கள் பிரிவு முழுவதையும் ஊடுருவல்காரர்கள் என்றும் அபினிச் செடி பயிரிடுவோர் என்றும் முத்திரை குத்திய ஆட்சியாளர்களின் பேச்சு ஆகியவை வெடிமருந்தைக் குவித்தன. மாநிலத்திலும் ஒன்றியத்திலும் ஒரே கட்சியின் ஆட்சி இருந்தது. இரட்டை இன்ஜின் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். இருபத்தொரு மாதம் கழித்து முதலமைச்சர் பதவி விலகியபோதும், அது சட்டமன்றத்தில் பெரும்பான்மை கைநழுவிய அச்சத்தால் நேர்ந்ததே தவிர, பொறுப்பேற்றதால் அல்ல.

உடனடியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. இம்பால், லெங்புய், திமாப்பூர், சில்சார் விமான நிலையங்களிலிருந்து புறப்படும் அனைத்து இருக்கைகளுக்கும் தூரத்தின் அடிப்படையில் நிலையான உச்சவரம்பு விதிக்கலாம். டிசம்பர் 6 ஆணை அதற்கு முன்மாதிரி, ஆனால் தொகை அதில் பாதிக்கும் கீழே இருக்க வேண்டும். அல்லையன்ஸ் ஏர் நிறுவனத்துக்கு விமானங்களும் முதலீடும் கொடுத்து வடகிழக்கின் பொதுப் போக்குவரத்து நிறுவனமாக மாற்றலாம். மருத்துவப் பயணம் மேற்கொள்ளும் நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் இலவசச் சீட்டு வழங்கலாம். சுராசந்த்பூர் - ஐஸ்வால் சாலையை மழைக்காலத்திலும் வண்டி ஓடும் சாலையாக ஆக்கலாம். இவை எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.

சாலையைத் திறப்பது வேறு வகையான வேலை. குகி-சோ, மெய்தேய், நாகா மக்களின் பிரதிநிதிகளை ஒரே மேசையில் அமர வைத்து, சூறையாடப்பட்ட ஆயுதங்களை முழுமையாகத் திரும்பப் பெற்று, முகாம்களில் இருப்பவர்கள் தங்கள் ஊருக்குத் திரும்ப உத்தரவாதம் அளிப்பதிலிருந்து அது தொடங்க வேண்டும். அரசு முடங்கிய அந்த மாதங்களிலும் ஒரு வண்டி மட்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மெய்தேய் மொழி பேசும் முஸ்லிம்களான பங்கல் ஓட்டுநர்கள், இரு தரப்பின் சோதனைச் சாவடிகளிலும் தங்கள் அடையாள அட்டையைக் காட்டி, அரிசியும் மருந்தும் சில வேளைகளில் மனிதர்களையும் பஃபர் மண்டலத்தைக் கடந்து கொண்டுசேர்த்தார்கள். அவர்களுக்கு சுராசந்த்பூரும் இம்பாலும் அறுபது கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தன.